தவுக்கேக்கு வைத்த கதவு

நானா,

இன்று காலையில் வாசல் கதவைத் திறந்தேன். முகத்தில் அறைந்த மாதிரி வந்தது, கடுவன் பூனையின் மூத்திர நாற்றம். தோ பாயோவில் எங்களுக்குக் கிடைத்திருக்கும் புது வீடு ஒன்பதாம் மாடி. ஊருக்கு எழுதும்போது பதினைந்தாம் மாடி என்று எழுதியிருக்கிறேன், நீங்கள் கண்டுகொள்ளாதீர்கள். சுவரில் அடித்த சுண்ணாம்பு வாசம்கூட இன்னும் போகவில்லை. அதற்குள் மூன்றாவது வீட்டு அம்மாவின் பூனை வந்து என் கதவின் அடியில் பீய்ச்சிவிட்டுப் போயிருக்கிறது. பினாயிலை ஊற்றித் தேய்த்தேன். பினாயிலும் அதுவும் கலந்து, முன்பைவிடக் கேவலமான வேறொரு நாற்றம் கிளம்பியது. குடித்த கோப்பி தொண்டைவரை ஏறி வந்தது. துடைப்பத்தைக் கையில் பிடித்தபடி அப்படியே வாசலில் உட்கார்ந்துவிட்டேன்.

"என்ன, மயக்கமா?" என்றாள் உள்ளேயிருந்து என் வீட்டுக்காரி.

"இல்ல. ஒருத்தருக்குக் கடுதாசி எழுதணும்."

"பூனைக்காரம்மாவுக்கா? எழுதிக்கிட்டு இருக்காதீங்க, நேரா போய்ச் சொல்லுங்க."

அவளுக்கு எப்படி விளக்குவது? அந்த நாற்றத்தில் எனக்குப் பூனைக்காரம்மாவின் முகம் வரவில்லை. உங்கள் முகம்தான் வந்தது. கோபித்துக்கொள்ளாதீர்கள். அத்தர் வாசத்தில் உங்களை நினைத்துக்கொள்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். எனக்கு வாய்த்தது இது.

நீங்கள் போய் ஏழு மாதம் ஆகிறது. இந்தக் கடிதத்தை எங்கே போடுவது என்று தெரியாமலே எழுதுகிறேன்.

தேக்காவில், சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் அந்தச் சந்து நினைவிருக்கும். கீழே உங்கள் ரொட்டிக் கடை. மேலே ஆறு ஆண்கள் வரிசையாகப் பாய் விரித்துப் படுத்திருந்த அறை, அதில் ஆறாவது பாய் என்னுடையது. ஐம்பதுகளின் நடுவில் நான் சிங்கப்பூர்த் துறைமுகத்தில் பெட்டிகளின்மேல் எண் எழுதிக்கொண்டிருந்தேன். என் எண் இல்லாமல் ஒரு கப்பலும் நகராது என்று உங்கள் கடை பெஞ்சில் உட்கார்ந்து சொல்வேன். நீங்கள் ரொட்டியை விசிறிப் போட்டுக்கொண்டே, "பாதியக் கழிச்சுக்கிட்டுச் சொல்லு தம்பி, மீதிய நான் நம்புறேன்" என்பீர்கள். என்னைவிட நான்கு வருடம்தான் மூத்தவர் நீங்கள். உங்கள் ஊர்ப் பக்கம் அண்ணனை நானா என்பார்கள் என்று தெரிந்த நாளிலிருந்து நானும் அப்படியே கூப்பிட ஆரம்பித்தேன்.

பத்து வருடம் அடுத்தவர் கடையில் மாவு பிசைந்த பிறகு, அந்த வருடம்தான் உங்கள் பேரில் லைசென்ஸ் வந்திருந்தது. அதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கல்லாவுக்கு மேலே மாட்டியிருந்தீர்கள். ஊரிலிருந்து உங்கள் சம்சாரமும் ஏழு வயது மகளும் இரண்டு மாதத்தில் கப்பலேறுவதாக இருந்தது. மகளை நீங்கள் கைக்குழந்தையாகப் பார்த்ததோடு சரி. "சொந்தக் கடை வாசல்ல நின்னு புள்ளையக் கூப்பிடணும் தம்பி, வேற ஒண்ணும் வேணாம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தீர்கள்.

அந்தக் கடைக்குத்தான் எலி வந்தது.

சாதாரண எலியா அவை? ரோச்சோர் கால்வாயில் குளித்துவிட்டு, தேக்கா சந்தையில் ஆட்டுக்குடல் தின்றுவிட்டு, உங்கள் மாவு மூட்டைக்குள் வந்து பிள்ளை பெற்றன. ஒருநாள் மாவு சலித்தபோது சல்லடையில் ரோமம் முளைக்காத சிவப்புக் குட்டிகள் ஐந்து நெளிந்தன. ஒவ்வொன்றும் விரல் நுனி அளவு, கண் திறக்காதவை, மாவு ஒட்டிக்கொண்டு பொரிக்க வைத்த பலகாரம் மாதிரி. ஊரெல்லாம் பதினொன்று என்று சொல்லிவந்தேன். ஐந்துதான். எனக்கு அந்த ஐந்தே போதுமாக இருந்தது, இன்றைக்கும் கொழுக்கட்டை என்றால் கொஞ்சம் யோசித்துத்தான் வாயில் வைக்கிறேன்.

பிறகு சுகாதார இன்ஸ்பெக்டர் வந்தார். வெள்ளை அரைக்கால் சட்டை, முழங்கால்வரை வெள்ளைக் காலுறை, தமிழ் ஆள்தான். பென்சில் முனையால் மாவைக் கிளறி எலிப்புழுக்கைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, நீங்கள் சில்லறை எண்ணும் பலகைமேல் வரிசையாக வைத்தார். "அடுத்த தடவை வர்றப்போ இதுல ஒண்ணு கெடச்சாலும், அந்தச் சட்டத்தக் கழட்டி என் கையில குடுத்துரணும் பாய்" என்றார். அவர் போனதும் புழுக்கைகளை உள்ளங்கையில் வழித்து எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனீர்கள். கையைக் கழுவினீர்கள், மறுபடி கழுவினீர்கள், உள்ளே வர வெகுநேரம் ஆயிற்று.

விஷம் வைக்கலாம் என்றேன். மாவு இருக்கும் இடத்தில் விஷமா என்று மறுத்துவிட்டீர்கள். பொறி வைத்தோம், எலிகள் கருவாட்டைத் தின்றுவிட்டுப் பொறிமேலேயே ஏறி உட்கார்ந்திருந்தன. கடைசியில் நீங்கள் நம்பியது தவுக்கேயைத்தான்.

தவுக்கே என்றால் முதலாளி. கல்லாவுக்குப் பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அந்த மஞ்சள் கடுவனுக்கு நீங்கள் வைத்த பெயர். இந்த ஊர்ப் பூனைகளுக்கே உரிய முறிந்த வால், ஒரு காது பாதி, மூக்கில் எப்போதும் ஏதோ ஒரு சளி. எனக்குப் பார்த்தாலே குமட்டும். நீங்கள் அதை மடியில் வைத்துக் காது அழுக்கை விரலால் எடுப்பீர்கள், அதே விரலால் எனக்குத் தே ஆற்றிக் கொடுப்பீர்கள். நான் குடிப்பேன். நட்புக்காக நான் செய்த தியாகங்களில் அது ஒன்று, அதை நீங்கள் கணக்கில் எடுத்ததே இல்லை.

தவுக்கேயிடம் ஒரு சிக்கல். கடைக்குள் வைத்துப் பூட்டினால் காலையில் மாவு மேசைக்கு அடியில் ஈரமும் அதன் பக்கத்தில் குவியலும் இருக்கும். வெளியே விட்டால் எலிகளுக்குத் திருவிழா. அது தன் இஷ்டத்துக்கு உள்ளே வரவும் வெளியே போகவும் ஒரு வழி வேண்டும். அந்த இடத்தில்தான் நான் வாயைத் திறந்தேன்.

தங்ளின் பக்கம் ஒரு வெள்ளைக்காரத் துரை வீட்டில் நான் மூன்று வாரம் புல் வெட்டியிருக்கிறேன். மூன்று வருடம் அந்த வீட்டு நிர்வாகமே என் கையில் இருந்தது என்று உங்களிடம் சொல்லியிருந்தேன். அந்த வீட்டுச் சமையல்கட்டுக் கதவில் பூனைக்கென்று ஒரு குட்டிக் கதவு இருந்தது. பூனை தலையால் முட்டினால் திறக்கும், போனதும் தானாக விழுந்து மூடிக்கொள்ளும். அதை வடிவமைத்ததே நான்தான் என்கிற மாதிரி உங்களுக்கு விளக்கினேன்.

"கதவுக்குள்ள ஒரு கதவா?" என்றீர்கள். "அதுக்கும் தனியா லைசென்ஸ் கேப்பாங்களா லா?"

"செஞ்சு வைக்கிறேன் நானா. பாத்துட்டு அப்புறம் பேசுங்க."

எந்தக் கதவில் வைப்பது என்பதில் நம் இருவருக்கும் வழக்கு வந்தது. நீங்கள் முன்பக்கம் என்றீர்கள். இரவில் கடையை மூடச் சொருகும் பலகைகளில் ஓரப் பலகையின் அடியில் துளை போட்டால் போதும், முன்வாசல் சுத்தமான இடம் என்றீர்கள். "பின்சந்து வேணாம் தம்பி. அங்க இருக்கிற அசிங்கமெல்லாம் அது காலோட உள்ள வரும்." இதே வார்த்தைகள். அட்சரம் மாற்றவில்லை.

நான்தான் பிடிவாதம் பிடித்தேன். விடிந்ததும் வேலைக்கு இறங்குகிறவன் நான். வாசலில் பூனை குறுக்கே போனால் திரும்பி மேலே ஏறி, உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்புவேன், என் அப்பா காலத்து வழக்கம். துறைமுக லாரி அதற்கெல்லாம் காத்திருக்காது. அந்தப் பூனையால் ஏற்கெனவே இரண்டு நாள் லாரியைத் தவறவிட்டிருந்தேன். முன்பலகையில் துளை போட்டால் தினமும் நான் படியிறங்கும் நேரத்தில் அது குறுக்கே வரும் என்றேன்.

நீங்கள் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். "அது வேலைக்குக் கெளம்புறப்போ நீ குறுக்க வர்றியே, அது எங்க போய்த் தண்ணி குடிக்கும்?" சிரித்து முடித்துவிட்டு, என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, உன் சகுனம் உனக்கு. பின்னாலயே வை" என்றீர்கள்.

என் சகுனத்துக்காக உங்கள் கடையின் பின்கதவு.

பின்சந்தைப் பற்றி இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சொன்னால் நம்ப மாட்டார்கள். உங்கள் அடுக்களையின் பின்கதவு அந்தச் சந்தில் திறக்கும். அதற்கு ஒரு கை தூரத்தில் நம் எல்லோருக்கும் பொதுவான கக்கூஸ். உள்ளே மேடை, மேடையில் துளை, துளைக்குக் கீழே வாளி. அந்த வாளியை எடுத்துப் போக, சந்துப் பக்கச் சுவரில் தரையோடு ஒட்டி ஒரு சின்னப் பலகைக் கதவு மேல்கீலில் தொங்கும். வாளி எடுக்க வரும் சீனப் பெரியவர் அதைத் தூக்கி, வாளியை இழுத்து, வேறு வாளி வைத்துவிட்டுப் போவார். அவர் ஒருநாள் வராவிட்டால் நாங்கள் ஆறு பேரும் சாப்பாட்டைக் குறைத்துக்கொள்வோம்.

கதவுக்குப் பொருள் தேடி ஒரு வாரம் அலைந்தேன். முதலில் சாக்குத் துணி. மழையில் நனைந்து, செத்த நாய் மாதிரி நாறியது, தவுக்கேக்கு முன்னால் எலிகள் அதன் வழியாக நடந்து வந்தன. அடுத்து தகரம். அதன் ஓரம் என் கட்டைவிரலைக் கிழித்தது, பூனையின் முதுகு என்ன ஆகும் என்று நீங்கள் அதைத் தூக்கி எறிந்தீர்கள். சைக்கிள் ட்யூப் ரப்பர் வெயிலில் இளகிக் கதவோடு ஒட்டிக்கொண்டது. கடைசியில் துறைமுகத்திலிருந்து ஒரு பெட்டிப் பலகை கொண்டுவந்தேன், கனமில்லாத நல்ல மரம்.

பூனையை அளந்த கதையை நான் சொல்ல ஆரம்பித்தால் தேக்காவில் கூட்டம் கூடும். காலி பிஸ்கட் டின்னுக்குள் அதைத் திணித்துச் சுற்றளவு எடுக்கலாம் என்பது என் யோசனை. நீங்கள் தலைப்பக்கம், நான் வால்பக்கம். என் வலது கையில் விழுந்த கீறல்கள் ஏழு, சொன்னது நாற்பது. அதோடு அது டின்னுக்குள்ளேயே கழிந்துவிட்டது, என் சட்டைக் கைவரை தெறித்தது. மூன்று நாள் அந்தக் கையால் சாப்பிடவில்லை.

அளவு கிடைக்காததால் எனக்கு ஒரு மின்னல் வெட்டியது. கண் முன்னால் நல்ல மாதிரி ஒன்று தொங்கிக்கொண்டிருக்கும்போது தங்ளின் வரைக்கும் யோசனை எதற்கு? மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு, கக்கூஸ் வாளிக் கதவை நூல் பிடித்து அளந்தேன். அதே அகலம், அதே உயரம், அதே மாதிரி மேல்கீல். அடுக்களைக் கதவின் அடியில் அறுத்து மாட்டினேன். மழைக்குத் தாங்கட்டும் என்று தார் பூசினேன். தார் மிச்சம் இருந்தது. வீணாக்குவானேன் என்று பக்கத்து வாளிக் கதவுக்கும் அதையே பூசிவிட்டேன். தள்ளி நின்று பார்த்தபோது இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருந்தன, எனக்குப் பெருமை தாங்கவில்லை.

நெத்திலிக் கருவாடு வைத்துத் தவுக்கேயைப் பழக்கினோம். முதல் நாள் பலகையைக் குச்சி கொடுத்து முழுக்கத் தூக்கி வைத்தோம், பிறகு ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினோம். ஐந்தாம் நாள் அது தலையால் முட்டி, தோளை நுழைத்து, முறிந்த வாலை இழுத்துக்கொண்டு உள்ளே வந்து நின்றது. நீங்கள் மாவுக் கையோடு கைதட்டினீர்கள். நம் இருவர் தலையிலும் மாவு விழுந்தது. அந்த வருடத்தில் நீங்கள் அப்படிச் சிரித்தது அன்றைக்குத்தான்.

அதன் பிறகு என் வாயை யாராலும் பிடிக்க முடியவில்லை. முடிதிருத்தும் கடை, கோப்பிக் கடை, துறைமுக லாரி எல்லா இடத்திலும் என் பூனைக்கதவுதான். கவர்னர் மாளிகையிலிருந்து ஆள் வந்து அளவெடுத்துப் போனதாகச் சொன்னேன். எலிகளும் என் பேச்சுக்குத் துணை நின்றன. தவுக்கே தினம் ஒன்றைப் பிடித்துத் தலையை மட்டும் தின்றுவிட்டு, உடலை என் மாடிப்படியில் வைத்துவிட்டுப் போகும். ஒருநாள் வெறுங்காலால் மிதித்தேன், விரலிடுக்கில் அந்தக் குளிர்ச்சி ஏறியது. உடம்பு கூசினாலும் உள்ளுக்குள் சந்தோஷம். பத்து நாளில் மாவில் ஒரு புழுக்கை இல்லை.

ஆனால் கடையில் நாற்றம் ஆரம்பித்தது. ரொட்டி சாப்பிட வந்தவர்கள் கறிக் கிண்ணத்தைத் தூக்கி மோந்து பார்த்தார்கள். நீங்கள் தரையைச் சோடா போட்டுத் தேய்த்தீர்கள், மேசைகளை வெயிலில் போட்டீர்கள். என்னிடம் கேட்டபோது, "கால்வாய்ல தண்ணி வத்தமா இருக்கு நானா, தேக்கா பூராவுந்தான் நாறுது" என்றேன். எனக்கே தெரியாதுதான், அதுவரைக்கும்.

தெரிந்தது இப்படி. இன்ஸ்பெக்டர் வருவதற்கு இரண்டு நாள் முன்பு, காலையில், கக்கூஸ் மேடையில் குந்தியிருந்தேன். காலுக்குக் கீழே டப் என்று பலகைச் சத்தம். வாளிக்காரப் பெரியவர் நேரங்கெட்ட நேரத்தில் வந்துவிட்டார் என்று நினைத்துத் துளைவழியாகக் குனிந்து பார்த்தேன். இரண்டு மஞ்சள் கண்கள். வாளியின் விளிம்பில் நான்கு காலையும் கூட்டி வைத்துக்கொண்டு, ஒரு கரப்பான்பூச்சி வாயில், தவுக்கே என்னை அண்ணாந்து பார்த்தது. பிறகு வாளிக்குள்ளேயே ஒரு காலை விட்டுத் தாண்டி, பலகையை முட்டித் திறந்து வெளியே போயிற்று. அடுத்த பலகை திறக்கும் சத்தமும் கேட்டது. அது உங்கள் அடுக்களைப் பலகை.

நான் வாந்தியெடுத்தேன். பின்னே? முந்தின நாள் அந்தப் பூனை உருண்ட மேசையில் பிசைந்த ரொட்டியில் ஐந்து தின்றிருந்தேன்.

வெளியே வந்து உங்களிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். இரண்டு ஆணி, ஒரு பலகை, வேலை முடிந்தது. நீங்கள் அடுப்படியில் நின்று, "என்ன தம்பி, முகம் வெளுத்திருக்கு?" என்று கேட்கவும் செய்தீர்கள். "ராத்திரி தின்னது ஒத்துக்கல" என்றேன். கவர்னர் மாளிகைக்காரர்கள் அளவெடுத்துப் போன கதவு, நானா. அதை எப்படி ஆணியடித்து மூடுவேன்? ஞாயிற்றுக்கிழமை யாருக்கும் தெரியாமல் வாளிப் பலகைக்கு ஒரு கொக்கி போட்டுவிடலாம் என்று நினைத்தேன்.

இன்ஸ்பெக்டர் வெள்ளிக்கிழமை வந்தார்.

கப்பல் தாமதம், எனக்கு அன்று வேலை இல்லை. அடுக்களையில் நின்று தே குடித்துக்கொண்டிருந்தேன். அவர் மூட்டை மூட்டையாகக் கிளறினார். சுத்தம். அலமாரிக்குப் பின்னால் கையை விட்டுப் பார்த்தார். சுத்தம். "பரவாயில்லையே பாய், மெனக்கெட்டிருக்கீங்க" என்று சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். நீங்கள் என்னைப் பார்த்து ஒரு புருவத்தைத் தூக்கினீர்கள். எலிகளை ஒழித்த பெருமையில் பாதி எனக்கு என்று அதற்கு அர்த்தம்.

டப்.

தவுக்கே உள்ளே வந்தது. மேசைமேல் தாவியது. எண்ணெய் தடவி வரிசையாக வைத்திருந்த மாவு உருண்டைகளின்மேல் முதலாளி நடை நடந்தது. வெள்ளை வெளேரென்ற மாவில் ஒவ்வொரு அடிக்கும் ஒரு பழுப்புத் தடம். மேசையைக் கடந்து கீழே குதித்து, இன்ஸ்பெக்டரின் வெள்ளைக் காலுறையில் இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை உடம்பைத் தேய்த்தது. பிறகு நாற்றம் எழும்பியது. அதை எழுத்தில் வைக்க என் ஐந்தாம் வகுப்புப் படிப்பு போதாது.

அவர் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்கதவைத் திறந்து சந்துக்குப் போனார். பூனை வந்த பலகை எது என்று பார்க்கக் குனிந்து, ஒன்றைத் தூக்கினார். தூக்கியது வாளிப் பலகை. தார் பூசிய இரண்டில் எது எது என்று படித்த மனிதர் அவருக்கே தெரியவில்லை. துள்ளி விலகி, சந்தில் காறித் துப்பிவிட்டு, திரும்பி வந்தார்.

"இந்தப் பூனைக்கதவ இங்க வச்சது யாரு?"

நானா, நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். ஒரு தடவை, இமைக்கும் நேரம். உங்களுக்கு மூன்றடி தூரத்தில் நின்றேன். ஊருக்கெல்லாம் சொன்னவன், லாரிக்கெல்லாம் சொன்னவன், பருப்புச் சட்டியில் என்ன மிதக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நான்தான் சார்" என்றீர்கள்.

"அறிவு வேலை செஞ்சுதா பாய்? கக்கூசுக்குப் பக்கத்துலயா?"

"பூனைன்னா கொஞ்சம் ஆசை சார்."

மேலே குடியிருக்கும் பயல் என்னைக் கேட்காமல் செய்த வேலை என்று நீங்கள் சொல்லியிருந்தால், அல்லது அந்தப் பயலே முன்வந்து சொல்லியிருந்தால், அந்த மனிதர் இன்னொரு எச்சரிக்கையோடு போயிருக்கலாம். போகாமலும் இருந்திருக்கலாம். எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள அன்றைக்கு நான் விடவில்லை. நீங்கள் ஸ்டூல்மேல் ஏறிச் சட்டத்தைக் கழற்றினீர்கள். தோள் துண்டால் கண்ணாடித் தூசியைத் துடைத்துவிட்டு அவர் கையில் கொடுத்தீர்கள்.

அன்று பிற்பகல் மாவு, கறி எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, பூனைக்கதவின்மேல் பலகை வைத்து நீங்களே ஆணி அடித்தீர்கள். பிறகு தவுக்கேயைப் பிடித்துச் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டினீர்கள். அதைக் கால்வாயில் கொண்டுபோய்ப் போடுங்கள் என்றேன். நீங்கள் தலை நிமிராமல், "அது என்ன பண்ணும் தம்பி? நாம காட்டுன வழியிலதானே போச்சு" என்றீர்கள். நான் என்று சொல்லாமல் நாம் என்றீர்கள்.

உங்கள் சம்சாரமும் மகளும் வந்து இறங்கிய நாளில், மறுபடி வேலைக்குச் சேர்ந்திருந்த பழைய முதலாளியிடம் அரை நாள் கேட்டு வாங்கிக்கொண்டு, நகத்தில் அவர் கடை மாவோடு துறைமுகத்துக்கு வந்தீர்கள். கடை முன்பலகைகள் மூடியே கிடந்தன. பின்சந்து வழியாக, ஆணியடித்த அந்தப் பலகையைத் தாண்டித்தான் உங்கள் மகளை உள்ளே கூட்டிப்போனீர்கள். அந்தப் பிள்ளை மூக்கைப் பொத்திக்கொண்டு, "வாப்பா, இதுதான் கடையா?" என்று கேட்டது. பெட்டியைச் சுமந்து நான் பின்னால் வந்துகொண்டிருந்தேன்.

மறுவருடம் லைசென்ஸ் திரும்பக் கிடைத்தது, கடையும் தழைத்தது. ஆனால் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. பூனைக்கதவு பாய் கடை எது என்று கேட்டால் தேக்காவில் யாரும் கைகாட்டுவார்கள். அசிங்கம் இனிமேல்தான் இருக்கிறது, நானா. அந்தக் கதையைச் சபை சபையாகச் சொன்னவன் நான். கல்யாண வீடு, நோன்பு திறக்கும் இடம், எங்கே நாலு பேர் கூடினாலும் "நானா பண்ணுன கூத்தக் கேளுங்க" என்று தொடங்குவேன். பிஸ்கட் டின் உண்டு, தார் உண்டு, இன்ஸ்பெக்டரின் காலுறை உண்டு. நான் மட்டும் அதில் இல்லை. எத்தனையோ பேர் முன்னால் நீங்கள் அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். எங்கேயாவது நான் ஒன்றை விட்டுவிட்டால், "காலுறையைச் சொல்லலையே தம்பி" என்று எடுத்துக்கொடுத்தீர்கள்.

தனியாக இருந்த ஒரு நாளில் அந்தப் பேச்சை எடுக்கப் பார்த்தேன். "நானா, அன்னிக்கு அடுக்களையில..." என்றேன். "கதைன்னா ஒரு கோமாளி வேணும். நான் இருந்துட்டுப் போறேன், விடு" என்றீர்கள். எனக்கு நிம்மதியாகிவிட்டது. அந்த நிம்மதியை இப்போது நினைத்தால் எலி, வாளி, மாவில் பதிந்த கால் எல்லாவற்றையும்விட அதுதான் குமட்டுகிறது.

உங்கள் நாற்பதாம் நாளில் எல்லோரும் உங்கள் வீட்டில் கூடியிருந்தோம். நெய்ச்சோறு பரிமாறிக்கொண்டிருந்தபோது யாரோ பூனைக்கதவை எடுத்தார்கள். எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள், நன்றாகச் சொல்கிறவன் நான்தானே. உங்கள் மகள் இப்போது கைக்குழந்தையோடு இருக்கிறாள். அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சொல்லுங்க மாமா, வாப்பா கதவு வச்ச கதை" என்றாள்.

"அத வச்சது உங்க வாப்பா இல்லம்மா. நான்" என்றேன்.

முதலில் யாருக்கும் பிடிபடவில்லை. நான் திருப்பிச் சொன்னேன். அளந்தது நான், தார் பூசியது நான், பூனை வாளிக்குள் போவதைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டவன் நான், இன்ஸ்பெக்டர் கேட்டபோது மூன்றடி தள்ளி நின்றவன் நான். ஒரு வார்த்தை கூட்டவில்லை, ஒரு எலியைக்கூட. பிறகு மூலையில் யாரோ, "கவர்னர் ஆள் வந்து அளவெடுத்த கதவுதானே அண்ணே?" என்றார். வீடே சிரித்தது. இன்னொருவர், "துறைமுகம் இவரோடது, தங்ளின் பங்களா இவரோடது, இப்ப இதுவும் இவரோடதா லா?" என்றார்.

உங்கள் மகள் சிரிக்கவில்லை. என் பக்கத்தில் வந்து குனிந்து, என் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள். மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், "எல்லாம் நீங்களே வச்சுக்கிட்டா எப்படி மாமா? இந்த ஒண்ணாவது வாப்பாவுக்கு இருக்கட்டும். விட்டுக்குடுத்துருங்க" என்றாள்.

"சரிம்மா" என்றேன். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

ஒன்றை மட்டும் உங்களிடம் சொல்ல வேண்டும். யாரிடம் சொன்னாலும் அதையும் பெருமை என்றுதான் நினைப்பார்கள். அன்றைக்கு இன்ஸ்பெக்டர் கேட்டதும் பதில் சொல்வதற்காக நான் மூச்சை உள்ளே இழுத்தேன், நானா. நெஞ்சு நிறைய இழுத்தேன். அதற்குள் நீங்கள் சொல்லிவிட்டீர்கள். உங்கள் கண்ணில் அது பட்டதா இல்லையா என்று கேட்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. இப்போது கேட்க நீங்கள் இல்லை. அந்த மூச்சு இன்னும் இங்கேதான் இருக்கிறது.